சன்ஸ்காரில் எத்தனை மணிக்குப் படகை இறக்கலாம்?

லடாக்கின் சன்ஸ்கார் ஆற்றில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகை ஓட்டப் போகிறவர்கள் வரைபடத்தோடு கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். அங்கே மழை மிகக் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் ஆறு பெருகி ஓடுவது, மலைமேல் பனி உருகுவதால்தான்.

உருகுவது நண்பகலுக்குப் பிறகுதான் மும்முரமாகும். அந்தத் தண்ணீர் கீழே வர நேரம் பிடிக்கும். பனிக்குப் பக்கத்து ஓடை சாயங்காலமே பொங்கிவிடும்; பல கிலோமீட்டர் தள்ளி, அதே பெருக்கு நடுராத்திரியிலோ விடியற்காலையிலோ வந்து சேரலாம். 'காலையில் தண்ணீர் குறைவாக இருக்கும்' என்பது ஓடைகளுக்குச் சரி, ஆற்றின் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கூடாரம் போட்டதும் தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை வையுங்கள். படுக்கும் முன்பும் எழுந்ததும் போய்ப் பாருங்கள். அந்த இடத்தின் கணக்கு பிடிபட்டுவிடும்.

நீர்மட்டம் கொஞ்சம் ஏறினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஒரு கனமீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். நேற்று தலைகாட்டிய பாறை இன்று மூழ்கியிருக்கும். தண்ணீர் அதன்மேல் ஏறி விழுந்து, பின்னால் தன்மீதே சுருண்டு, படகைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னும் ஏறினால் அதே இடம் வெறும் அலையாகிவிடலாம். அதனால் ஆற்றின் ஒரு பகுதி எவ்வளவு கடினம் என்று சொல்ல ஒன்று முதல் ஆறு வரை தரும் எண்ணை, எந்த நீர்மட்டத்துக்கு என்று கேட்காமல் நம்பக் கூடாது. பள்ளத்தாக்கு குறுகும் இடங்களில் தண்ணீருக்குப் பரவ இடமில்லை. மட்டம் மளமளவென்று ஏறும். கரை இல்லாததால் இறங்கி நடந்து முன்னால் பார்த்து வரவும் வழியிருக்காது.

தலை நீட்டும் பாறைக்குப் பின்னால் தண்ணீர் மேல்நோக்கித் திரும்பி ஓடும். கயாக் ஒதுங்கி நிற்க அதுதான் திண்ணை. ஒரு திண்ணையிலிருந்து அடுத்த திண்ணைக்குத் தாவுவதாகவே பயணத்தைத் திட்டமிடுவார்கள். இரண்டு ஓட்டங்களும் உரசும் கோட்டைத் தாண்டும்போது, சைக்கிளை வளைவில் சாய்ப்பதுபோல் திரும்பும் பக்கமாகவே படகைச் சாய்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஓட்டம் விளிம்பைப் பிடித்துக் கவிழ்த்துவிடும்.

தண்ணீர் வேறு சாம்பல் நிறம். பனியாறு அரைத்த பாறைமாவு கலந்தது. அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. அமைதியான இடத்தில் படகுக்குக் கீழே 'உஸ்' என்று மணல் உரசும் சத்தம் மட்டும் கேட்கும். குளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீர்புகா உடை இல்லாமல் இறங்குவது முட்டாள்தனம்.

அப்புறம், மேலே என்ன நடக்கிறதென்று சன்ஸ்காரின் முக்கிய ஊரான படுமில் விசாரிக்க வேண்டும். 2014 டிசம்பர் 31 அன்று ஒரு மலைச்சரிவு, சன்ஸ்காரில் வந்து சேரும் புக்டல் ஆற்றை அடைத்து ஏரியாக்கியது. 2015 மே 7 அன்று அது உடைந்து, கீழே இருந்த பாலங்களை அடித்துக்கொண்டு போனது. வெயில் காயும்போது ஓடைகளில் தண்ணீர் திடீரென்று வற்றினால், மேலே எங்கோ அடைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் அன்றைக்குப் படகை இறக்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.