மாலத்தீவின் புரதம்: சூரை மாசியாகும் வரை

மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள் உண்டு. மக்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. எல்லாவற்றின் நிலத்தையும் கூட்டினாலும் 300 சதுர கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். அந்தப் பவள மணலில் தென்னை நிற்கும். நெல் விளையாது, மாடு மேய்க்க இடமில்லை. அரிசியும் மாவும் கப்பலில் வருகின்றன. புரதத்துக்குக் காலங்காலமாகக் கைகொடுப்பது வரிச்சூரை. மாலத்தீவு மக்களின் திவேகி மொழியில் அதன் பெயர் களுபிலமாஸ். 'மாஸ்' என்றால் மீன். இந்தச் சூரையை வேகவைத்து, புகையிட்டு உலர்த்தினால் மாசி.

100 கிராம் பச்சைச் சூரைச் சதையில் 22 கிராம் புரதமும் 1 கிராம் கொழுப்பும் இருக்கும். சுமார் 70 கிராம் நீர். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான 50 கிராம் புரதம் ஏறக்குறைய 225 கிராம் சூரையிலேயே கிடைத்துவிடும். அளவைவிட முக்கியம் பொருத்தம். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, மீனில் அது தாராளம். அதனால் சோற்றோடு கொஞ்சம் மீன் சேர்ந்தாலே, சோற்றிலுள்ள புரதத்தையும் உடல் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்கிறது.

பிடிக்கும் முறை கழித் தூண்டில். முதலில் பவளத்திட்டுகளை ஒட்டி வலைவிரித்துச் சிறு இரைமீன்களை உயிரோடு பிடித்து, கடல்நீர் ஓடும் தொட்டியில் வைத்துக்கொள்வார்கள். சூரைக் கூட்டம் தென்பட்டதும் இரையை அள்ளி வீசி, படகின் பின்பக்கத்திலிருந்து நீரைத் தூவுவார்கள். கலங்கிய நீர்ப்பரப்பில் சூரைக்குப் படகும் தெரியாது, ஆளும் தெரியாது. தூண்டில் முள்ளில், மீன் நழுவாமல் தடுக்கும் எதிர்முள் கிடையாது. கழியைப் பின்னோக்கி வீசியதும் கயிறு தளர்ந்து மீன் தானாகக் கழன்று தளத்தில் விழும். ஒவ்வொன்றாகப் பிடிப்பதால் ஆமையும் சுறாவும் அதிகம் மாட்டுவதில்லை. இந்த முறை கடைசியில் பவளத்தை நம்பியே நிற்கிறது. 1998இலும் 2016இலும் கடல் சூடாகிப் பவளம் வெளுத்தபோது இரைமீன்களின் வீடும் சேர்ந்தே சிதைந்தது. சூரையைக் காப்பாற்றினால் போதும் என்று எண்ணுவது பாதிக் கணக்குதான்.

மீன் தளத்தில் விழுந்த நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. சூரையின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிக அதிகம். செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் மீன் இறந்தபின் சதைக்குள் பரவி, அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளாக மாற்றுகின்றன. 30 டிகிரி வெப்பத்தில் இது சில மணி நேரத்திலேயே நடந்துவிடும் வேலை. போதாக்குறைக்கு, சூரையின் உடல் கடல்நீரைவிடச் சூடாகவே இருக்கும். அப்படிக் கெட்ட மீனைத் தின்றால் முகம் சிவந்து, தலை வலித்து, தோல் தடிக்கும். பலரும் இதை மீன் ஒவ்வாமை என்று தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். மீன் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம், நாற்றமும் வராமல் போகலாம். மிக முக்கியமானது இது: உருவாகிவிட்ட ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் அழியாது, உறைய வைத்தாலும் அழியாது, புகை போட்டாலும் அழியாது.

ஆகவே மீன் பச்சையாக இருக்கும்வரை குளிர்ச்சி மட்டுமே காப்பு. காற்றோ நீரோ 28 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால், மீன் இறந்த 6 மணி நேரத்துக்குள் பனிக்கட்டியில் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டி. ஒரு கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து பூச்சியத்துக்கு இறக்க, கணக்குப்படி ஒரு கிலோவில் மூன்றில் ஒரு பங்கு பனிக்கட்டி போதும். ஆனால் வெப்பமண்டலத்தில் பெட்டியின் சுவர் வழியாகவும் வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதனால் கிலோவுக்குக் கிலோ போடுவதே பாதுகாப்பு. மேலே மட்டும் கொட்டினால் அடுக்கின் நடுவிலுள்ள மீன் சூடாகவே கிடக்கும். ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு பனிக்கட்டி என்று மாற்றிமாற்றி வைக்க வேண்டும்.

பனிக்கட்டி இல்லாத காலத்துத் தீர்வுதான் நம் வீடுகளில் இடித்துச் சம்பலில் சேர்க்கும் மாசி. 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் காஜியாக, அதாவது இஸ்லாமிய நீதிபதியாக, இருந்த மொராக்கோப் பயணி இபின் பதூதா, மீனை நான்காக அரிந்து, வேகவைத்து, புகையிட்டு உலர்த்துவதை எழுதிவைத்திருக்கிறார். இன்றும் அடிப்படை அதேதான். தலையும் குடலும் அன்றே நீக்கப்படும். முதுகெலும்பின் இருபுறமும் சதையை மேல்துண்டு, கீழ்த்துண்டு என்று பிளந்தால் நான்கு நீளத் துண்டுகள் கிடைக்கும். அவற்றை உப்புநீரில் உள்வரை வேகவைப்பார்கள். வெந்த புரதம் சுருங்கித் தன் நீரைப் பிழிந்து வெளியேற்றும். பாக்டீரியாவும் சதையைக் கரைக்கும் நொதிகளும் செயலிழக்கும். பிறகு புகை, அதற்குப் பிறகு வெயில்.

தவறுவது பெரும்பாலும் அவசரத்தால். தொடக்கத்திலேயே அடுப்பின் சூட்டை ஏற்றினால் மேல்தோல் இறுகி, உள்ஈரம் வெளியேற வழியின்றி அடைபடும். வெளியே கல்லாக இருக்கும் துண்டு சில வாரங்களில் உள்ளிருந்தே பூஞ்சணம் பிடிக்கும். மெல்லிய புகையில் தொடங்கி, இடையிடையே ஆறவிட்டு, உள்ஈரம் மேலேறிய பிறகு மறுபடி காய வைப்பதே சரி. ஈரம் 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் பூஞ்சணம் வளராது. கொழுப்பு மிகுந்த மீனில் இதைச் செய்தால் எண்ணெய்ச் சிக்கு ஏறிவிடும். சூரையில் கொழுப்பு அற்பம் என்பதால்தான் மாசி மாதக்கணக்கில் நிற்கிறது. நீர் போனபின் 100 கிராமில் 60 கிராமுக்கும் மேல் புரதம் இருக்கும். நல்ல மாசியைத் தட்டினால் கட்டைபோல ஒலிக்கும். உடைத்தால் உட்புறம் கருஞ்சிவப்பாக, வழவழப்பாக மின்னும். நடுப்பகுதி மாவாக உதிர்ந்தால் வாங்க வேண்டாம்.

மீன் வெந்த நீரையும் வீணாக்குவதில்லை. தெளிந்தது கருதியா என்ற ரசம். அதை நெடுநேரம் சுண்டக் காய்ச்சினால் ரிஹாகுரு என்ற கரும்பழுப்புக் குழம்பு. கவனம் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். 10 லிட்டரை 1 லிட்டராகச் சுண்டினால் சுவையோடு ஹிஸ்டமினும் பத்து மடங்கு அடர்த்தியாகும். ரசமாகக் குடிக்கையில் தொல்லை தராத அளவு, குழம்பில் ஆளைப் படுக்க வைக்கலாம். எனவே ரிஹாகுருவுக்கு எடுக்கும் மீன், பிடித்த உடனே பனிக்கட்டியில் போட்டதாகவோ பிடித்த சில மணி நேரத்தில் வேகவைத்ததாகவோ இருக்க வேண்டும். விற்காமல் மாலைவரை தளத்தில் கிடந்த மீனை அதற்கு ஒதுக்கக் கூடாது.