கோப் குன்: சொல் விளக்கம்

கிட்டாரை மட்டும் துணையாக வைத்து ஆண் குரலும் பெண் குரலும் மாறிமாறி வரும் தாய்லாந்துப் பாப் பாடல்களில், மொழி தெரியாதவர் காதிலும் ஒட்டிக்கொள்ளும் சொல் 'கோப் குன்'. நன்றி என்று பொருள். பாட்டில் பெரும்பாலும் 'கோப் குன் தீ…' என்று நீளும்; 'தீ'க்குப் பின்னால் காரணம் வரும்: கூடவே இருந்ததற்கு, விட்டுப் போகாததற்கு.

'குன்' நமக்குப் பழகிய சொல்தான். வடமொழியிலும், பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியிலும் உள்ள 'குண'. தாய்லாந்து எழுத்தில் இன்றும் ணகரமே போடுகிறார்கள். வாயில் வருவது னகரம். ஆனால் அங்கே அது பண்பு என்ற பொருளோடு நிற்கவில்லை. ஒருவரிடம் உள்ள நல்லது, அவரால் பிறருக்கு விளைந்த நல்லது, உபகாரம் என்று நகர்ந்தது. பெயருக்கு முன்னால் வந்தால் திரு, திருமதி; தனியே நின்றால் 'நீங்கள்'. இதன் எதிர்ச்சொல் 'தோட்', அதாவது தோஷம். மன்னிப்புக் கேட்பது 'கோ தோட்'. நாம் ஜாதகத்தோடு விட்டுவிட்ட குணதோஷத்தை அவர்கள் நாள் முழுக்கப் புழங்குகிறார்கள்!

வயதில் இளையவருக்கும் நெருங்கியவருக்கும் 'கோப் ஜாய்' போதும். 'ஜாய்' என்றால் மனம். லாவோஸில் எல்லோருக்கும் இதுவே. பெரியவர்களுக்கு 'கோப் ப்ர குன்'. பேச்சில் ஆண் 'க்ரப்' என்றும் பெண் 'க்கா' என்றும் மரியாதைக்குச் சேர்ப்பார்கள். பாட்டில் அது உதிர்ந்துவிடும். பேச்சில் ஆண்கள் தன்னைக் குறிக்கச் சொல்லும் 'ஃபொம்' கூடப் பாட்டில் 'சான்' ஆகிவிடும். அதனால் ஒரே வரியை இரண்டு குரலும் மாற்றாமல் பாடலாம்.

பெற்றோரும் ஆசிரியரும் செய்த, தீர்க்க முடியாத உபகாரம் 'புன்குன்': புண்ணியம், குணம் இரண்டும் சேர்ந்தது. அதை மறந்தவன் 'நேரகுன்'. நம் தத்துவ நூல்களில் பரம்பொருளைச் சொல்லும் நிர்குணம், அங்கே வசவு.

தமிழில் இணைச்சொல் 'குணம்' அல்ல, 'நன்றி'தான். நன்றிக்கும் பழைய பொருள் நன்மை. 'தினைத்துணை நன்றி செயினும்' என்ற குறளில் நன்றி என்பது செய்த உதவி. நல்லதைக் குறித்த சொல்லே அதை நினைத்துச் சொல்லும் சொல்லாகவும் ஆனது; 'குன்' போன வழியும் இதுவே. நன்றியுணர்வுக்கு அங்கே 'கதன்யூ' என்பார்கள். பாலியில் 'கதஞ்ஞூ', செய்ததை அறிந்தவர். திருக்குறளின் 11ஆம் அதிகாரத் தலைப்பு அப்படியே பொருந்தும்: செய்ந்நன்றியறிதல். புன்குன்னுக்கு 'நன்றிக்கடன்' என்று எழுதுவோர் உண்டு. கடன் என்றால் அடைத்துவிடலாமே, 'செய்ந்நன்றி' மேல்.

பாடல் வரியைப் பெயர்க்கும்போது மட்டும் சிக்கல். அம்மாவிடமோ மனைவியிடமோ 'கூட இருந்ததற்கு நன்றி' என்றால் நம் காதுக்கு மேடைப்பேச்சு. அந்த இடத்தில் நான் எழுதுவது: 'நீ இருந்ததாலதான்.'