கொழுப்பு மாத்திரைக்குள் ஏன் இரண்டு மருந்து?

காரைக்குடிப் பக்கம் கொழுப்பு மாத்திரை சாப்பிடும் ஆச்சிகள் கேட்பது இதுதான்: "கறி, மீன் தொட்டே பல வருஷம் ஆச்சு. எனக்கு எப்படிக் கொழுப்பு ஏறுச்சு?"

நியாயமான கேள்வி. பணியாரத்து எண்ணெயை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. கல்லீரல் அதைப் பித்தநீரோடு குடலுக்குள் இறக்க, குடல் அதில் பாதியளவு மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. சாப்பாட்டில் வருவதைவிடப் பித்தநீரில் வருவதுதான் அங்கே அதிகம்.

ஆக, அடைக்க வேண்டிய வழி இரண்டு. ஸ்டாட்டின் கல்லீரலில் உற்பத்தியைக் குறைக்கிறது; எசெடிமைப் குடலில் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. ஒன்றை மட்டும் அடைத்தால் உடம்பு மற்றதில் ஈடுகட்டப் பார்க்கும். ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினாலும் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். மேற்கொண்டு 6 சதவீதம் போலத்தான் இறங்குகிறது.

சரி, இரண்டையும் சேர்த்தால்? எசெடிமைப்–சிம்வாஸ்டாட்டின் கூட்டு மாத்திரையின் தொடக்கச் சோதனைகளில் சிலருக்கு வெற்று மாத்திரை, சிலருக்கு எசெடிமைப் மட்டும், சிலருக்கு ஸ்டாட்டின் மட்டும், மற்றவர்களுக்கு இரண்டும் என 12 வாரம் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது சாப்பிடுபவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஒவ்வொரு மருந்தும் தன் பங்குக்கு வேலை செய்கிறதா என்பதை இப்படித்தான் பிரித்துப் பார்க்க முடியும். பக்கவிளைவு உண்டா என்று கல்லீரல் நொதிகளையும் தசைவலியையும் கூடவே கவனித்தார்கள். 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆனால் 12 வாரத்தில் தெரிவது ரத்தத்தில் எண் இறங்குவது மட்டுமே. மாரடைப்பு குறையுமா என்பதற்கு அதில் பதில் இல்லை. அந்த எண்ணை மட்டும் நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதை டார்செட்ராபிப் என்ற இன்னொரு கொழுப்பு மருந்து காட்டியது. அதை அடோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினோடு சேர்த்துக் கொடுத்தபோது நல்ல கொழுப்பு 72 சதவீதம் ஏறியது, எல்.டி.எல். 25 சதவீதம் இறங்கியது. அறிக்கையைப் பார்த்தால் யாருக்கும் சந்தோஷம் வரும். ஆனால் 15,067 பேரிடம் நடந்த பெரிய சோதனையில், அதைச் சாப்பிட்டவர்கள் மத்தியில்தான் சாவு அதிகம். 2006 டிசம்பரில் சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

எசெடிமைப் கூட்டு அந்தப் பரீட்சையைத் தாண்டியது. 2015-ல் வெளியான ஆய்வில், மாரடைப்பு போன்ற திடீர் இதயக் கோளாறுக்கு ஆளான 18,144 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். ஏழு ஆண்டுக் கணக்கில் ஸ்டாட்டின் மட்டும் சாப்பிட்டவர்களில் 34.7 சதவீதம் பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்தன. இரண்டும் சாப்பிட்டவர்களில் 32.7. நூறு பேருக்குக் கூடுதலாக இரண்டு பேர் தப்பினார்கள். ஏற்கெனவே ஒருமுறை அடிபட்ட இதயத்துக்கு இது சின்ன லாபம் இல்லை என்பேன்.

கூட்டு மாத்திரைக்கு மாறினால் அட்டையின் பின்பக்கம் இருக்கும் இரண்டு பெயரையும் படியுங்கள். வீட்டில் பழைய ஸ்டாட்டின் அட்டை மிச்சம் இருந்தால் அதை நிறுத்த வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஒரே மருந்து இரண்டு தடவை உள்ளே போகக் கூடாது.