எச்.பி. கூட்டினால் தண்ணீர் கூடாது

ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும். சென்னையில் வேளச்சேரியோ நங்கநல்லூரோ, போர்வெல் மோட்டார் வைத்திருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: “மோட்டார் ஓடுது சார், தண்ணி ஏறல. ஒரு எச்.பி.யை எடுத்துட்டு ஒன்றரை போட்டுடலாமா?” (எச்.பி. என்பது மோட்டாரின் குதிரைத்திறன்.) சில வீடுகளில் கேட்பதுகூட இல்லை, போட்டேவிடுகிறார்கள். அதுவும் மோட்டாரின் கம்பிச் சுற்றான ‘காயில்’ புகைந்த பிறகுதான் ஆளைக் கூப்பிடுகிறார்கள்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கணக்கையே பாருங்கள். 6 அங்குல போர்வெல்லில் (சுருக்கமாக, போரில்) ஓர் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஐந்தரை லிட்டர்தான் நிற்கும். மோட்டாருக்கு மேல் 60 அடி தண்ணீர் இருந்தால் கையிருப்பு 330 லிட்டர். பாறை வெடிப்பிலிருந்து ஊறுவது நிமிடத்துக்கு 15 லிட்டர், மோட்டார் இழுப்பது 50 லிட்டர் என்றால் பத்தே நிமிடத்தில் அது தீர்ந்துவிடும். 80 லிட்டர் இழுக்கிற பெரிய மோட்டாரை இறக்கினால் ஐந்து நிமிடம். ஊற்று அதே 15 லிட்டர்தான். அதற்குப் பிறகு ஓடுவதெல்லாம் டிரை ரன், அதாவது போதிய தண்ணீரில்லாத வெற்றோட்டம். சுழல்தண்டைத் தாங்கும் புஷ் தேயும், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் உருகும், கடைசியில் காயில். இதில் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கத்து மணல் போர் என்றால் இன்னொரு வம்பும் உண்டு: வேகமாக இழுத்தால் மணலும் வரும், அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீரும் மேலேறும். ஒரு முறை உப்பேறிய போர் லேசில் திரும்பாது.

இன்னொன்று. எச்.பி.யை மட்டும் சொல்லி மோட்டார் வாங்குவது, அளவு சொல்லாமல் சட்டை வாங்குவதுதான். ஒரே 1 எச்.பி.யில் ஸ்டேஜ் (அடுக்கிய இம்பெல்லர்களின் எண்ணிக்கை) குறைந்தது அதிகத் தண்ணீரைக் குறைந்த உயரத்துக்குத் தள்ளும்; ஸ்டேஜ் கூடியது குறைந்த தண்ணீரை அதிக உயரத்துக்கு ஏற்றும். கோடையில் தண்ணீர் நிற்கும் ஆழம், மொட்டை மாடி டேங்க் வரை உள்ள உயரம், குழாய் வளைவுகளுக்குக் கொஞ்சம் கூடுதல் — இந்தக் கூட்டுத்தொகைதான் ஹெட். அதைக் கடைக்காரரிடம் சொல்லி, அந்த ஹெட்டில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வரும் என்று அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள்.

ஊற்றின் அளவு தெரியாதா? டெலிவரி கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, அரை மணி நேரம் காற்று கலக்காமல் சீராக வரும் அளவில் நிறுத்துங்கள். முழுக்க அடைத்துவிடாதீர்கள். 20 லிட்டர் பக்கெட் நிறைய 80 நொடி ஆனால், ஊற்று நிமிடத்துக்கு 15 லிட்டர். அந்தப் போருக்கு டைமரும், தண்ணீர் தீர்ந்தால் தானே நிறுத்தும் டிரை ரன் ரிலேயும்தான் மருந்து: பத்து நிமிடம் ஓடட்டும், அரை மணிக்கு மேல் ஓயட்டும். (ஊற்று ரொம்பவே குறைந்த போருக்கு, மேலிருந்து காற்றை அழுத்தித் தண்ணீரை ஏற்றும் கம்ப்ரஸர் தேவலை. கரண்ட் அதிகம் தின்னும், ஆனால் போருக்குள் எரிய ஒன்றும் இல்லை.)

மோட்டாரை மேலே எடுக்குமுன் ஸ்டார்ட்டர் பாக்ஸைப் பாருங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது? வோல்ட் மீட்டர் 180-க்குக் கீழே காட்டினால் மோட்டார்மேல் குற்றமில்லை. தெருவெல்லாம் ஏசி ஓடுகிற நேரத்தை விட்டுவிட்டு விடியற்காலையில் போட்டுப் பாருங்கள். ‘ம்ம்ம்’ என்று உறுமிவிட்டு டிரிப் ஆனால் முதல் சந்தேகம் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர்மேல். சில நூறு ரூபாய்ப் பொருள். பழையதன்மேல் அச்சிட்ட அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட்தான் வேண்டும். “கொஞ்சம் பெருசா போட்டா நல்லா இழுக்கும்” என்பவரை அனுப்பிவிடுங்கள். மெயினை அணைத்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும், வெறுங்கையோடு தொடாதீர்கள். கெப்பாசிட்டர் மாற்றியும் உறுமினால், மணல் பிடித்து இறுகியிருக்கும்.

மோட்டார் ஓடியும் தண்ணீரே வரவில்லையா? மட்டம் இறங்கியிருக்கும், அல்லது உள்ளே குழாய் விட்டிருக்கும். குழாய் விட்டிருந்தால், போர் வாயில் காது வைத்தால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும். போட்டவுடனே ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தால், இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் கருவியை வைக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மேலே எடுக்க வேண்டியதுதான். ஆனால் பல நேரம் பழுது மோட்டாரில் இருக்காது, கேபிள் ஜாயின்ட்டில் இருக்கும். ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம், தயவுசெய்து. ஈரக் கையோடு குழாயைத் தொடப் போவது உங்கள் வீட்டுப் பிள்ளைதான்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், வெளியே வரும் குழாய்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வாட்டர் ஃபில்டு மோட்டார் என்றால் இறக்குமுன் உள்ளே நல்ல தண்ணீர் நிரப்ப வேண்டும். பலர் இதைத்தான் மறக்கிறார்கள். “சுத்துதான்னு பாப்போம்” என்று தரையில் வைத்து ஒரு நொடிகூட ஓட்டக்கூடாது. கேபிளைப் பத்து அடிக்கு ஒரு கட்டு, குழாயோடு சேர்த்துக் கட்டுங்கள். கேபிளைப் பிடித்து மோட்டாரைத் தொங்கவிடக் கூடாது, அதற்கு நைலான் கயிறு இருக்கிறது. அடித்தரையிலிருந்து பத்து அடியாவது மேலே நிற்கட்டும், இல்லாவிட்டால் சேற்றைத்தான் குடிக்கும். அகலக் கிணற்றுக்கு போர் மோட்டார் வேண்டாம், ஓபன்வெல் வகையை வாங்குங்கள்.

புது போர் போடலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு: 1987-ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டப்படி சென்னைப் பெருநகர்ப் பகுதியில் அதற்கு அனுமதி வேண்டும்.

ஸ்டார்ட்டர் பாக்ஸ் முழங்கால் உயரத்தில் இருந்தால் ஐப்பசிக்குள் ஏற்றிவிடுங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளம் உங்கள் தெருச் சுவரில் எது வரை நின்றதோ, அதற்கும் இரண்டடி மேலே. பாக்ஸ் நனைந்துவிட்டால் எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை சுவிட்சில் கை வைக்க வேண்டாம். மோட்டார் கடைக்குப் போயிருக்கும் அந்த ஓரிரவிலும் போர் வாய்க்கு மூடி போட்டு போல்ட் முறுக்கிவிடுங்கள். சாக்கும் செங்கல்லும் மூடி ஆகாது.