குதிக்கால் நொந்தாலும் கொழுப்புக் குளிசைதானா?

பழைய பிஸ்கட் ரின் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார் அந்த அம்மா. திறந்து பார்த்தேன். பார்மசியில் மாதாமாதம் கொடுத்த சின்னச் சின்னக் கடதாசி உறைகள். எல்லாவற்றிலும் ‘இரவு 1’ என்று எழுதியிருந்தது. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. பதினொரு மாதக் கொழுப்புக் குளிசை, அதாவது கொலஸ்ரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின்.

“இவர் இதைப் போடுறேல்லை டொக்டர். உங்களிட்டச் சொல்ல வேண்டாம் எண்டு சொன்னவர்.”

‘இவர்’ அப்போது இரண்டாவது மாரடைப்போடு வார்டில் படுத்திருந்தார்.

கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். பதினொரு மாதமும் என் கையெழுத்துத்தான். “குளிசை எல்லாம் ஒழுங்காப் போடுறீங்களோ ஐயா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டிருப்பேன். “ஓம்” என்றிருப்பார். நானும் அடுத்த கொப்பியை இழுத்திருப்பேன்.

ஒரே மாதத்தில் எனக்கு இது மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஏன் நிற்பாட்டினார்? கால் உளைவு. வயல் வரம்பில் கொஞ்சத் தூரம் நடந்ததும் இடது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும். நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடும். திரும்ப நடந்தால் அதே தூரத்தில் திரும்பப் பிடிக்கும். இதை என்னிடம் சொல்லவில்லை. ரொறன்ரோவில் இருக்கிற மச்சானிடம் சொல்லியிருக்கிறார். “உந்தக் கொலஸ்ரோல் குளிசை தசையைத் தின்னும், உடன நிப்பாட்டு” என்று மச்சான் சொல்ல, அதையே சொல்லும் வீடியோ ஒன்றும் பின்னால் வந்து சேர்ந்திருக்கிறது.

வார்டில் அவருடைய பாதங்களின் மேற்புறத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். வலது பாதத்தில் நாடி மெல்லத் துடித்தது. இடதில் கிடைக்கவேயில்லை. காலுக்குப் போகிற ரத்தக்குழாய் கொழுப்புப் படிந்து ஒடுங்கிவிட்டது. நடக்கும்போது தசைக்கு ரத்தம் போதாமல் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது. இந்த வருத்தத்துக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டிய மருந்துகளில் ஒன்றுதான் பிஸ்கட் ரின்னுக்குள் கிடந்தது. முப்பது வருடச் சுருட்டைப் பற்றி மச்சான் ஒன்றும் சொல்லவில்லைப் போலும்.

சரி, இனி என்னை மிக அதிகமாக எரிச்சல்படுத்துகிற விஷயம். குதிக்கால்.

எங்கள் கிளினிக்கில் குளிசையை நிற்பாட்டியவர்களில் நல்லதொரு பங்கினர் சொல்லும் காரணம் குதிக்கால் நோவு. காலையில் பாயிலிருந்து எழும்பி முதல் அடி வைக்கும்போது ஆணி ஏறியதுபோல இருக்கும். கிணற்றடிவரை நடந்தால் குறையும். பகலெல்லாம் நின்று வேலை செய்துவிட்டுப் பின்னேரம் குந்தி எழும்பினால் மறுபடி குத்தும். இதைக் குளிசையின் தலையில் போடுகிறார்கள். கொழுப்புக் குளிசை வருத்துவதானால் தசையை வருத்தும். குதியின் அடியில் நோவது தசையே இல்லை. குதி எலும்பிலிருந்து கால்விரல்கள்வரை உள்ளங்காலில் ஓடுகிற தடித்த நார்ப்பட்டை அது. குதி எலும்பில் அது ஒட்டியிருக்கிற இடம் இழுபட்டு நோகிறது. இரவெல்லாம் சுருங்கிக் கிடந்தது காலையில் சட்டென்று இழுபடுவதால்தான் முதல் அடி அப்படிக் குத்துகிறது. குளிசைக்கு இரவில் சும்மா கிடந்து காலை ஆறு மணிக்கு ஒரு குதியை மட்டும் தேடிப்போய்க் குத்தத் தெரியாது.

யாருக்கு வருகிறது என்று பாருங்கள். கார்மென்ற்ஸில் நாள்முழுக்க நிற்கும் பிள்ளைகள், ஆசிரியர்கள், உடம்பு கொஞ்சம் வைத்த அம்மாக்கள், தேய்ந்து தகடான இறப்பர் செருப்போடு திரிபவர்கள். இன்னொன்று, இது என் சொந்த அபிப்பிராயம்: சாணம் மெழுகிய மண் தரையில் நடந்த கால்கள் வீட்டுத் திட்டத்துக்குப் பிறகு சீமெந்திலும் மாபிளிலும் வெறுங்காலோடு நடக்கின்றன. வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போடுங்கள். படுக்கையை விட்டு எழும்ப முதல் கால்விரல்களைக் கையால் பிடித்து உங்கள் பக்கம் இழுத்து, முப்பது எண்ணும்வரை வைத்திருங்கள். தண்ணீர் உறைந்த போத்தலை உள்ளங்காலின் கீழ் வைத்து உருட்டுங்கள். மாதக்கணக்கு எடுக்கும், ஆனால் பெரும்பாலானவர்களுக்குச் சுகப்படும். கொழுப்புக் குளிசையை நிற்பாட்டினால் குதி சுகப்படாது.

காலில் நோவு தரக்கூடிய வேறு காரணங்களும் எங்கள் பக்கம் நிறைய. பாதம் எரிந்தால், விறைத்தால், பஞ்சில் மிதிப்பதுபோல இருந்தால் அது பெரும்பாலும் சீனி வருத்தம் நரம்பைப் பிடித்த கதை. சீனி வருத்தத்துக்கு வருடக்கணக்கில் மெற்போமின் குளிசை போடுபவர்களுக்கு விற்றமின் பி12 குறைந்தும் அப்படி வரும். பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போனால் அது கவுட் என்ற மூட்டு வருத்தம். ஒரு காலை இழந்து பொய்க்கால் போட்டவர்களின் மற்றக் கால் 2009இலிருந்து இரண்டு கால் வேலையைச் செய்கிறது. அது நொந்தால் முதலில் பொய்க்காலின் அளவைப் பாருங்கள். காலுக்குள் ஷெல் துண்டோடு நடமாடுகிறவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை, மழைக்குளிருக்கு எந்த இடம் நோகும் என்று அவர்களே விரல் வைத்துக் காட்டுவார்கள்.

காலபோகத்தில் சேற்றில் இறங்குபவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் தொடமுடியாமல் நொந்தால், கண் சிவந்தால், சலம் குறைந்தால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். “குளிசையாலதான் டொக்டர், நிப்பாட்டிப்போட்டுப் பாத்தன்” என்று நான்கு நாள் வீட்டில் இருந்துவிட்டு வந்தவரைச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நிலையில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அன்றிரவு அம்புலன்ஸில் ஏறும்போதும் அவர் குளிசையைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

அப்படியானால் குளிசையால் தசை நோவு வரவே வராதா? வரும். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. தொடை, இடுப்பு, தோள்மூட்டைச் சுற்றிய பெரிய தசைகளில் வரும், சிலருக்குக் கெண்டைக்காலிலும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும். அரிவு வெட்டின முதல் நாளுக்கு அடுத்த காலை எப்படி இருக்குமோ அப்படியொரு உளைவும் பாரமும். குளிசை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில், பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் தலைகாட்டும். நிற்பாட்டினால் சில வாரங்களில் போகும். ஆறு வருடமாக ஒரே குளிசையை ஒரே அளவில் போட்டவருக்குப் போன கிழமை தொடங்கிய நோவென்றால், இடையில் வேறு என்ன மருந்து சேர்ந்தது என்றுதான் நான் முதலில் கேட்பேன். அப்புறம் தைரொயிட் சோதிப்பேன். தைரொயிட் குறைந்தால் கொலஸ்ரோலும் ஏறும், தசையும் நோகும். அதைக் கண்டுபிடிக்காமல் குளிசையை மாற்றி மாற்றிக் கொடுப்பது எங்கள் ஆட்களும் விடுகிற பிழை.

லண்டனில் செய்து 2020இல் வெளியிட்ட ஒரு ஆய்வை நோயாளர்களுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு. பக்கவிளைவு என்று இந்தக் குளிசையைக் கைவிட்ட 60 பேர். சில மாதங்கள் உண்மைக் குளிசை, சில மாதங்கள் மருந்தே இல்லாத பொய்க் குளிசை, சில மாதங்கள் வெறும் போத்தல். எந்த மாதம் உண்மை, எது பொய் என்று அவர்களுக்குத் தெரியாது. உண்மைக் குளிசையில் ஏற்பட்ட தொல்லையில் 90 சதவீதம் பொய்க் குளிசை மாதங்களிலும் இருந்தது. விளக்கிச் சொன்ன பிறகு பாதிப்பேர் குளிசையை மறுபடி தொடங்கினார்கள். 2022இல் லட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோதும், நூற்றில் சுமார் 27 பேர் தசை நோவு சொன்னார்கள். பொய்க் குளிசை போட்டவர்களிலும் ஏறக்குறைய அதே 27தான்.

உங்கள் நோவு பொய் என்று நான் சொல்லவில்லை. வயது ஐம்பதைத் தாண்டினால் எங்கோ நோகத்தான் செய்யும். குளிசை போடுகிற ஆளுக்கு அது குளிசை நோவாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது வேறொன்று. மிக அரிது, பத்தாயிரத்தில் ஒருவருக்கு என்றாலும் சொல்லாமல் விடமுடியாது. மலகூடத்தில் குந்தி எழும்ப முடியவில்லை, பஸ் படியில் கால் தூக்க முடியவில்லை, தலை இழுக்கக் கை உயரவில்லை, சலம் பிளேன்ரீ நிறத்தில் போகிறது என்றால், தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. அன்றிரவுக் குளிசையைப் போடாதீர்கள், விடியும்வரை பார்த்திருக்கவும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். (முல்லைத்தீவுக் கரையில் உள்ளவர்களுக்கு இந்தச் சலம் தெரிந்திருக்கும். சில கடற்பாம்புகள் கடித்தாலும் இப்படித்தான்.) நான் கண்ட ஒருவருக்கு, இருமலுக்கு வெளியில் காட்டியபோது கிளாரித்ரோமைசின் என்ற அன்ரிபயோற்றிக் கொடுத்திருந்தார்கள். என்ன குளிசை போடுகிறார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த மருந்து சிம்வாஸ்ரற்றின், அற்றோவாஸ்ரற்றின் போன்ற கொழுப்புக் குளிசைகள் உடம்பை விட்டுப் போகாமல் தடுத்து, ரத்தத்தில் அளவை ஏற்றிவிடும். அதனால் எங்கு மருந்தெடுக்கப் போனாலும், காய்ச்சலுக்கோ பல்லுக்கோ, கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கள். வீட்டில் பூட்டி வைக்க அது காணி உறுதி இல்லை.

நோவு வந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். “சொன்னால் டொக்டர் ஏசுவார்” என்று ஒளிக்காதீர்கள். தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்ட சிபிகே என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, பார்ப்போம். தேவைப்பட்டால் நாங்களே இரண்டு மூன்று கிழமை நிற்பாட்டுவோம். பிறகு குறைந்த அளவிலோ, றோசுவாஸ்ரற்றின் போன்ற வேறொன்றிலோ, ஒன்றைவிட்டு ஒரு நாளோ தொடங்கிப் பார்ப்போம். எதுவும் ஒத்துவராவிட்டால் எசெற்றிமைப் என்ற வேறு வகைக் கொலஸ்ரோல் மருந்து இருக்கிறது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள், எழுபதைத் தாண்டிய மெலிந்த ஆட்கள், இவர்களுக்கு அளவைக் கவனமாகப் பார்க்க வேண்டும், அது எங்கள் வேலை. ரத்தத்தில் கொலஸ்ரோல் சரியாகிவிட்டது என்று நிற்பாட்டாதீர்கள், சரியாக வைத்திருப்பதே அந்தக் குளிசைதான். உள்ளியும் வெந்தயமும் கறிக்கு நல்லது, குளிசைக்கு ஈடாகாது.

கடைசியாக ஒரு ஏச்சு. கொழுப்புக் குளிசைக்குப் பயந்து அதை நிற்பாட்டிவிட்டு, அதே காலுக்குக் கடையில் டைக்ளோபெனாக் என்ற நோக் குளிசையை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறீர்களே, அது மாரடைப்பு வந்தவருக்குக் கூடாது, சிறுநீரகத்துக்கும் கூடாது. அதற்கு மட்டும் ரொறன்ரோவிலிருந்து வீடியோ வருவதில்லை.

பிஸ்கட் ரின் ஐயா வீட்டுக்குப் போய்விட்டார். சுருட்டை விட்டுவிட்டதாகச் சொல்கிறார், அம்மாவின் முகத்தைப் பார்த்தால் முழுதாக விட்டமாதிரித் தெரியவில்லை. குளிசையை இப்போது அம்மா கையில் வைத்துக் கொடுத்து, விழுங்கும்வரை நிற்கிறாராம். உங்கள் வீட்டிலும் அப்படியொரு ரின் இருந்தால் அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள். ஏசமாட்டேன்.