டாங்கி வோட்: கழுதை எங்கிருந்து வந்தது, தமிழில் என்ன சொல்வது?

ஆஸ்திரேலியாவில் தேர்தல் தேதி அறிவித்த மறுவாரமே காதில் விழத் தொடங்கும் சொல் ‘டாங்கி வோட்’. “ரெண்டு தலைவரையும் பிடிக்கல, இந்தத் தடவை டாங்கி வோட்தான்” என்பார் ஒருவர். கொஞ்சம் கிளறிக் கேட்டால், சீட்டில் எதுவும் எழுதாமல் மடித்துப் பெட்டியில் போடப்போவதாகச் சொல்வார். அது டாங்கி வோட் அல்ல. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலரும் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். நாம் ‘கழுதை வாக்கு’ என்று நேரடியாகப் பெயர்த்தால் குழப்பம் இன்னும் கூடும்.

முதலில் பொருள். ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கான வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு கட்டம். மிகவும் விரும்புகிறவருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று எல்லாக் கட்டங்களையும் நிரப்ப வேண்டும். யார் எவர் என்று பாராமல் மேலிருந்து கீழே 1, 2, 3, 4 என்று போட்டுக்கொண்டே இறங்கிவிடுவதுதான் டாங்கி வோட். கீழிருந்து மேலே ஏறினால் அதற்கு ‘ரிவர்ஸ் டாங்கி’ என்று பெயர். இரண்டுமே முழுக்கச் செல்லும். எண்ணுகிற ஊழியருக்கு அது அலட்சியமாகப் போட்ட சீட்டா, யோசித்துப் போட்ட சீட்டா என்று தெரியவும் வழியில்லை. முதல் பெயருக்கு உரியவரின் தீவிர ஆதரவாளர் ஒருவரின் உண்மையான விருப்பமும் அதே வரிசையில் அமைந்துவிடலாம் அல்லவா?

ஆங்கிலத்தில் டாங்கி என்றால் மடையன் என்ற வசவு உண்டு. நம்மிடமும் கழுதைக்கு அந்தக் கெட்ட பெயர் இருக்கிறது. கற்பூர வாசனை தெரியாது என்று பழமொழியே வைத்திருக்கிறோம். ஆனால் நம் ஊர்த் தெருக்களில் வளர்ந்தவருக்குக் ‘கழுதை ஓட்டு’ என்றதும் மனக்கண்ணில் வருவது வேறு காட்சி: சுவரில் ஒட்டிய தேர்தல் போஸ்டரைக் கிழித்து நிதானமாக மென்றுகொண்டிருக்கும் கழுதை. கோபத்தில் சீட்டைக் கெடுப்பதற்கு அந்தப் படிமம் பொருந்தும். வரிசையாக எண் போடுவதற்குப் பொருந்தாது.

சொல்லுக்கு உரிய விலங்கு வாக்காளர் என்றாலும், அதைப் பெற்றெடுத்தவை இரண்டு சட்டங்கள். 1918 அக்டோபரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. பழமைவாத ஓட்டுகள் இரண்டு மூன்றாகப் பிரிந்ததால், மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய வாக்கு மட்டுமே வாங்கிய லேபர் வேட்பாளர் எட்வின் கோர்பாய் வென்றார். அவருக்கு அப்போது வயது 22. பதறிப்போன பில்லி ஹியூஸ் அரசு அந்த ஆண்டு முடிவதற்குள் விருப்பு வாக்கு முறையைக் கொண்டுவந்தது. அதன்படி, போட்டியிலிருந்து நீங்குகிறவரின் ஓட்டு அந்தச் சீட்டில் அடுத்த எண் பெற்றவருக்குப் போகும். இனி எல்லாருக்கும் எண் போட்டாக வேண்டும். அடுத்து 1924. டாஸ்மேனியாவின் செனட்டர் ஹெர்பர்ட் பெயின் கொண்டுவந்த தனிநபர் மசோதா, வாக்களிப்பதைக் கட்டாயமாக்கியது. 1922 தேர்தலில் 60 சதவீதத்தைத் தொடாத வாக்குப்பதிவு, 1925இல் 91 சதவீதத்தைத் தாண்டியது. வீட்டில் இருக்க விரும்பியவரையும் சாவடிக்கு இழுத்து வந்து, கேள்விப்படாத பெயர்களுக்கெல்லாம் எண் போடச் சொன்னால் அவர் வேறென்ன செய்வார்? மேலே தொடங்கிக் கீழே முடிப்பார்.

கட்சிகளுக்கு இது சீக்கிரமே விளங்கிவிட்டது. மேலவையான செனட்டுக்கு அக்காலத்தில் அச்சடித்த சீட்டில் பெயர்களின் அகரவரிசையே அணிகளின் இடத்தைத் தீர்மானித்தது. 1937இல் நியூ சவுத் வேல்ஸில் லேபர் கட்சி நிறுத்திய நால்வர்: அமோர், ஆம்ஸ்ட்ராங், ஆர்தர், ஆஷ்லி. ஆங்கில எழுத்தில் நாலு பேருக்கும் ‘ஏ’தான் முதல். நாலு பேரும் ஜெயித்தார்கள். தகுதி, உழைப்பு, கட்சிச் சேவை எல்லாம் இருக்கட்டும், தகப்பன் பெயர் என்ன எழுத்தில் தொடங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி என்றாகிவிட்டது. இது கூத்தாகிப்போனதால் 1940இல் செனட்டுக்குக் குலுக்கல் வந்தது. பிரதிநிதிகள் சபைக்கு அகரவரிசை 1980கள் வரை நீடித்து, 1984 தேர்தலில்தான் ஒழிந்தது. இப்போது வேட்புமனுத் தாக்கல் முடிந்ததும், கண்ணைக் கட்டிக்கொண்ட ஓர் ஊழியர் உருளையிலிருந்து எண் பந்துகளை எடுப்பார். முதலிடம் விழுந்த கட்சிக்காரர் முகத்தில் லாட்டரி விழுந்த களை.

அந்த லாட்டரியின் மதிப்பு பொதுவாக ஒரு சதவீதத்தை ஒட்டியது என்று கணிக்கிறார்கள். இழுபறித் தொகுதியில் அதுவே போதும். சில சமயம் அதற்கும் மேல் கொட்டும். 2013 செனட் தேர்தலில் நியூ சவுத் வேல்ஸ் சீட்டில் 110 பேர் நின்றார்கள். எழுத்து அவ்வளவு பொடி; படிப்பதற்காகச் சாவடிகளில் உருப்பெருக்கித் தகடு வைத்தார்கள். அந்தச் சீட்டின் இடது ஓரத்து முதல் இடம் லிபரல் டெமாக்ரட்ஸ் என்ற சின்னக் கட்சிக்குக் குலுக்கலில் கிடைத்தது. ஒன்பது சதவீதத்துக்கும் மேல் வாக்கு வாங்கி டேவிட் லேயன்ஜெல்ம் செனட்டர் ஆனார். பெயரைப் பார்த்துப் பெரிய லிபரல் கட்சி என்று நினைத்துப் போட்டவர்களும் அதில் உண்டு என்பதை அவரே மறுக்கவில்லை. டாஸ்மேனியா தன் மாநிலத் தேர்தலுக்கு இதைச் சாமர்த்தியமாகத் தீர்த்துவைத்தது. ராப்சன் சுழற்சி என்ற முறைப்படி அங்கே சீட்டுக்குச் சீட்டு பெயர் வரிசை மாறும். எல்லாரும் மேலிருந்து கீழே போட்டாலும் லாபம் யாருக்கும் தனியாகப் போகாது.

இனி, மக்கள் ‘டாங்கி வோட்’ என்று தவறாகச் சொல்கிற அந்த மற்றொன்று. ஆங்கிலத்தில் ‘இன்ஃபார்மல் வோட்’. அகராதியைப் பார்த்து ‘முறைசாரா வாக்கு’ என்று எழுதிவிடாதீர்கள். முறைசாராத் தொழிலாளர் என்கிறோமே, அது வேறு. இங்கே ‘ஃபார்ம்’ என்பது சட்டம் சொல்லும் வடிவம். அந்த வடிவத்தில் இல்லாத சீட்டு எண்ணிக்கையில் சேராது. வெற்றுச் சீட்டு, 1 மட்டும் போட்ட சீட்டு, ஒரே எண் திரும்ப வந்த சீட்டு எல்லாம் இந்தக் கணக்கில். தமிழ்நாட்டில் இதைச் ‘செல்லாத ஓட்டு’ என்போம். இலங்கையில் ‘நிராகரிக்கப்பட்ட வாக்கு’. இரண்டும் நல்ல சொற்கள், புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

இந்த இரண்டு சொல்லும் ஒன்றோடொன்று நன்றாகக் குழம்பிய தேர்தல் என்றால் 2010தான். ஜூன் 24 அன்று லேபர் கட்சி, பிரதமராக இருந்த கெவின் ரட்டை ஓர் இரவுக்குள் இறக்கிவிட்டு ஜூலியா கில்லார்டை ஏற்றியது. காலையில் எழுந்தவர்களுக்குப் பிரதமர் வேறு. ஆகஸ்ட் 21க்குத் தேர்தல் குறித்தார் கில்லார்ட். பிரசாரம் முழுக்க ‘முன்னோக்கிப் போவோம்’ என்பதையே ஒரே பேச்சில் பலமுறை சொன்னதால் அது கேலிப்பொருள் ஆயிற்று. பருவநிலைக் கொள்கையை முடிவு செய்ய, பொதுமக்களில் 150 பேரைப் பொறுக்கி ஒரு மன்றம் அமைப்பேன் என்றார். அதற்காகத்தானே உங்களைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று கேட்டது ஊர். பாதிப் பிரசாரத்தில், இனிமேல் ‘உண்மையான ஜூலியா’வைப் பார்ப்பீர்கள் என்று அறிவித்தார். அப்படியென்றால் இதுவரை பார்த்தது யாரை? எதிரே நின்ற டோனி அபட்டோ மூன்று நான்கு முழக்கங்களைப் பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்று ‘படகுகளை நிறுத்துவோம்’. அந்தப் படகுகள் சிலவற்றில் ஈழத்திலிருந்து புறப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதால், ஆஸ்திரேலியத் தமிழ் வீடுகளில் அந்த முழக்கம் மற்ற வீடுகளில் கேட்டதுபோல் கேட்டிருக்காது.

வாக்கெடுப்புக்கு ஆறு நாள் முன்பு, 2004இல் லேபர் கட்சிக்கே தலைமை தாங்கித் தோற்ற மார்க் லேத்தம் தொலைக்காட்சியில் தோன்றி, சீட்டை வெற்றாகப் போடுங்கள் என்று சொன்னார். விளைவை அவர் தலையில் மட்டும் கட்ட முடியாது. ஆனால் செல்லாத ஓட்டு 2007இல் இருந்த 3.95 சதவீதத்திலிருந்து 5.55க்கு ஏறியது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள். 1984க்குப் பிறகு அதுவே உச்சம். இரு தரப்புக்கும் தலா 72 இடம். ஆட்சி யாருக்கு என்று தெரிய 17 நாள் ஆயிற்று.

அந்த ஏழு லட்சத்தையும் கோபம் என்று படித்தால் தப்பு. மேற்கு சிட்னியின் பிளாக்ஸ்லாந்து தொகுதியில் செல்லாத ஓட்டு 14 சதவீதத்தை எட்டியது. புலம்பெயர்ந்தோர் நெருங்கி வாழும் தொகுதி அது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் 1 மட்டும் போட்டாலே ஓட்டு செல்லும். கூட்டாட்சித் தேர்தலில் செல்லாது. ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடச் சாவடி, ஒரே பென்சில், விதி மட்டும் வேறு. இந்தியாவின் நோட்டாவை வெற்றுச் சீட்டோடு ஒப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நோட்டாவுக்குத் தனிப் பொத்தானும் தனிக் கணக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் யாரும் வேண்டாம் என்று தெரிந்தே வெற்றாகப் போட்டவரும், விதி தெரியாமல் ஒரு கட்டத்தோடு நிறுத்திவிட்ட பாட்டியும் ஒரே கணக்கில் போகிறார்கள்.

யாரையும் பிடிக்கவில்லை, அதனால் வரவில்லை என்றும் தப்ப முடியாது. அது தகுந்த காரணமாகாது என்று அந்நாட்டின் உச்ச மன்றம் 1971லேயே சொல்லிவிட்டது. அபராதம் 20 டாலர்.

செல்லும் ஓட்டுக்கும் செல்லாத ஓட்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. அதில் நுழைந்தவர் கதையைச் சொல்லாமல் இந்தச் சொல்விளக்கம் முடியாது. எல்லாருக்கும் எண் போட்டால், ஓட்டு சுற்றிச் சுற்றிக் கடைசியில் இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றிடம்தான் போய்ச் சேருகிறது. அதைத் தடுக்க ஆல்பர்ட் லாங்கர் என்ற மெல்போர்ன் செயற்பாட்டாளர் 1996 தேர்தலில் ஒரு வழி சொன்னார்: விரும்புகிறவர்களுக்கு 1, 2 போடுங்கள், பெரிய கட்சிகள் இரண்டுக்கும் 3, 3 என்று ஒரே எண்ணைப் போடுங்கள். எண் திரும்பும் இடம்வரை அந்தச் சீட்டு அன்றைய சட்டப்படி செல்லும். ஆனால் அப்படிப் போடுமாறு பிறரைத் தூண்டுவது அதே சட்டப்படி குற்றம்! நீதிமன்றத் தடையை மீறிப் பிரசாரம் செய்ததற்காக அவருக்குப் பத்து வாரச் சிறை விதித்தார்கள். ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அவரை மனசாட்சிக் கைதி என்று அறிவித்தது. மேல்முறையீட்டில் முன்னதாகவே வெளியே வந்தார். பிறகு 1998இல் அந்தத் தூண்டுதல் பிரிவை நீக்கினார்கள். கூடவே 3, 3 சீட்டையும் செல்லாததாக்கினார்கள். செல்லும் ஓட்டைப் போடச் சொன்னவர் சிறைக்குப் போனார். பதினான்கு வருடம் கழித்துச் செல்லாத ஓட்டைப் போடச் சொன்ன லேத்தம்மை யாரும் தொடவில்லை. ‘லாங்கர் வோட்’ என்று அந்த 3, 3 சீட்டுக்கும் ஒரு பெயர் நிலைத்துவிட்டது.

சரி, டாங்கி வோட்டுக்குத் தமிழ் என்ன? ‘குருட்டு வாக்கு’ வேண்டாம். பார்வையற்றவர்கள் மிகக் கவனமாகவே வாக்களிக்கிறார்கள். ‘கண்மூடி வாக்கு’ கொஞ்சம் தேவலாம், ஆனால் தலைவர் சொன்னார் என்று கண்ணை மூடிக்கொண்டு குத்துகிற கட்சி விசுவாசியையும் அது குறிக்கும். ‘வரிசை வாக்கு’ என்று முதலில் எனக்குத் தோன்றியது. யோசித்தால் அதிலும் சிக்கல்: விருப்பு வாக்கு முறையே வரிசைப்படுத்துவதுதானே. இங்கே வாக்காளர் தன் வரிசையை விட்டுவிட்டு, அச்சடித்த வரிசையை ஏற்றுக்கொள்கிறார். ஆகவே ‘அச்சுவரிசை வாக்கு’ என்பது என் பரிந்துரை. கீழிருந்து மேலே போனால் ‘தலைகீழ் அச்சுவரிசை வாக்கு’. நீளம்தான், ஆனால் பொருள் தப்பாது. வாக்காளரைத் திட்டவும் இல்லை. ‘ப்ரெஃபரன்ஸ்’ என்பதற்கு இலங்கையில் வழங்கும் ‘விருப்பு வாக்கு’ இருக்கிறது. இந்தியாவில் மாநிலங்களவைத் தேர்தல் செய்திகளில் ‘முதல் விருப்ப வாக்கு’ என்று எழுதுகிறார்கள். எதை எடுத்தாலும் சரி. வேண்டுமென்றே எழுதாமல் விட்டதற்கு ‘வெற்றுச் சீட்டு’ போதும்.

பேச்சில் டாங்கி வோட் என்றே சொல்லிக்கொள்ளலாம், யாரும் அடிக்கப்போவதில்லை. எழுதும்போது மட்டும்: ‘கோபத்தில் கழுதை வாக்கு அளித்தார், அது செல்லாமல் போனது’ என்பது பிழை. ‘கோபத்தில் அச்சுவரிசைப்படி எண் போட்டார், முதல் பெயருக்கு ஒரு ஓட்டு கூடியது’ என்பது சரி. கோபத்தைத் தனியாகக் காட்ட நினைப்பவருக்குச் சட்டம் இடம் விட்டிருக்கிறது: எண்கள் தெளிவாக இருந்து, எழுதியவர் யாரென்று தெரியாதவரை, தலைவர்களைத் திட்டிச் சீட்டின் ஓரத்தில் என்ன கிறுக்கியிருந்தாலும் அந்த ஓட்டு செல்லும்.