டிராக்‌ஷன் கண்ட்ரோல்: இழுவையா, பிடிமானமா, நழுவலா?

காரில் எஞ்சின் ஓட்டும் சக்கரம் தரையில் பிடியின்றி வீணாகச் சுற்றாமல் தடுக்கும் அமைப்புதான் டிராக்‌ஷன் கண்ட்ரோல். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? இழுத்தல் என்று பொருள்படும் 'திராஹெரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல் டிராக்‌ஷன். டிராக்டரும் அதே வேரில் முளைத்ததுதான். முறிந்த எலும்பை எடை கட்டி இழுத்து வைக்கும் சிகிச்சைக்கும் டிராக்‌ஷன் என்றே பெயர். அங்கெல்லாம் 'இழுவை' பொருந்தும். கார் டயரைப் பற்றிப் பேசும்போது பொருள் சற்று நகர்ந்துவிடுகிறது: டயர் சாலையைப் பற்றிக்கொண்டு வண்டியைத் தள்ளும் திறன், அதாவது பிடிமானம்.

அப்படியானால் 'பிடிமானக் கட்டுப்பாடு' என்று சொல்லிவிடலாமா? அதில் ஒரு சிக்கல். விலைக் கட்டுப்பாடு, கொசுக் கட்டுப்பாடு என்று தமிழில் சொன்னால், முன்னால் நிற்பது அடக்கப்பட வேண்டிய ஒன்று. பிடிமானத்தை யார் அடக்குவார்கள்? 'இழுவைக் கட்டுப்பாடு' அவ்வளவு தவறில்லை, எஞ்சினின் இழுப்பைக் குறைப்பது உண்மைதான். ஆனால் எதற்காகக் குறைக்கிறது என்பதை அது சொல்லாது.

ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர் நேராக விஷயத்துக்கு வருகிறது: 'ஆன்ட்ரீப்ஸ்-ஷ்லுப்ஃப்-ரேகெலுங்', எஞ்சின் ஓட்டும் சக்கரங்களின் நழுவலைச் சீராக்குதல். கார் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நகர, சக்கரம் 30 கி.மீ. வேகத்துக்குச் சுற்றினால் வித்தியாசம் 10, அதாவது சக்கர வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு; நழுவல் சுமார் 33 சதவீதம். தார்ச்சாலையில் டயர் நன்றாகப் பிடிப்பது ஏறக்குறைய 10 முதல் 20 சதவீத நழுவலில். அதைத் தாண்டினால் முன்தள்ளும் விசை குறையும். பக்கவாட்டுப் பிடியோ வெகுவாகப் போய்விடும். ஆகவே 'நழுவல் கட்டுப்பாடு' என்பதே சரியான தமிழ். 'சறுக்கல்' வேண்டாம், வண்டியே திசை மாறி வழுக்குவதை அதற்கு விட்டுவைக்கலாம். அதைக் கவனிக்க ஈஎஸ்பி என்ற வேறு அமைப்பு இருக்கிறது.

வேலை நடப்பது இப்படி: ஏபிஎஸ்ஸுக்காக (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வேக சென்சார்களே இதற்கும் கண். ஒரு சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றினால் எஞ்சினின் முறுக்குவிசை (சுழற்றும் விசை) குறைக்கப்படும், அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கப்படும். எஞ்சினின் விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கர அமைப்பான சாதாரண டிஃபரென்ஷியல் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு விசையைத்தான் தரும். சேற்றில் இருக்கும் சக்கரம் வீணாகச் சுற்றினால், கெட்டித் தரையில் இருப்பதற்கும் எதுவும் கிடைக்காது. வீணாகச் சுற்றும் சக்கரத்தில் பிரேக் சுமையாக அமர்ந்ததும் மறுபக்கம் விசை ஏறுகிறது.

ஈரச்சாலையில் இதை எப்போதும் இயக்கத்திலேயே வையுங்கள். கார் உருவமும் கீழே இரண்டு நெளிகோடுகளும் கொண்ட விளக்கு மினுக்கினால், அமைப்பு வேலை செய்கிறது, தரை வழுக்குகிறது என்று பொருள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்லத் தளர்த்துங்கள். நினைவிருக்கட்டும், இது புறப்படும்போதும் வேகமெடுக்கும்போதும் மட்டுமே உதவும். நிற்கும் தூரத்தைக் குறைக்காது, தேய்ந்த டயரை ஈடுகட்டாது.

அணைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: ஆழமான மணல், சேறு, பனி. அங்கே சக்கரம் கொஞ்சம் சுற்றித்தான் மேல்படலத்தைத் தள்ளி வெளியேற முடியும். அமைப்போ ஒவ்வொரு முறையும் எஞ்சினை அடக்கிவிடும். பொத்தானை அழுத்துங்கள் (சில வண்டிகளில் சில விநாடிகள் பிடித்திருக்க வேண்டும்), இரண்டாம் கியரில் மெதுவாக நகர்த்துங்கள், கெட்டித் தரை வந்ததும் மீண்டும் இயக்குங்கள்.

நீங்கள் அணைக்காமலே விளக்கு நிலையாக எரிந்தால் அது கோளாறு. பெரும்பாலும் ஏபிஎஸ் விளக்கும் கூடவே எரியும், சென்சார் பொதுவானது என்பதால். அழுக்கடைந்த சென்சார், அறுந்த கம்பி, அளவு மாறிய டயர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். வீல் பேரிங் மாற்றிய உடனே எரியத் தொடங்கினால், சென்சார் வேகத்தை அறிய உதவும் காந்த வளையம் உள்ள பேரிங்கைத் திருப்பிப் பொருத்தியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். வளையம் சென்சார் இருக்கும் பக்கம் இல்லாவிட்டால் அந்தச் சக்கரத்தின் வேகமே பதிவாகாது.